முன்களத்தின் ஜீவகாருண்யம்

உருத்திரபுரத்து மைதானத்திலே நம் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் முன்கள வீரர்கள், 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட கோலைப் பரிபூரணமாகத் தவிர்த்து, வருஷந்தோறும் பந்தை இரணைமடு வாய்க்கால் நீர் பாயும் வயலுக்கே அனுப்பிவைக்கும் ஜீவகாருண்யத்தை, விஷயமறியாதவர்கள் பலவீனம் என்கின்றனர். எதிரணிக் கோல் காப்பாளனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையன்றோ? பயிற்றுநரை மாற்றினோம், சீருடையை மாற்றினோம், பழைய மாணவர் சங்கம் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, பிரதம அதிதிக்கு மாலையும் சூட்டியது, கொள்கை மட்டும் அணுவளவும் பிசகவில்லை. இவ்வருஷம் புதிதாய்ச் சேர்ந்த பையனொருவன், மரபறியாமல், பந்தை வலைக்குள்ளேயே அடித்துவிட்டான். சங்கத்தார் திகைத்தனர், அதிபர் எழுந்தே நின்றுவிட்டார். நல்லவேளையாக, நடுவர் ‘ஓவ்சைட்’ என்று விசில் ஊதிக் கல்லூரியின் கீர்த்தியைக் காப்பாற்றினார். பையன் இப்போது பின்களத்தில் விளையாடுகிறான்.