மலை யார் பேர்ல பட்டா?

ஏண்டா பேராண்டி, கவுந்து படுத்துக்கிட்டு 'வாழ்க்கைக்கு அர்த்தமே இல்ல தாத்தா'ங்குற. மூணு வேளையும் சாமைச் சோறு மட்டும் அர்த்தத்தோட எறங்குதே, அது எப்பிடி?

நீ சொன்ன கதையக் கேட்டேன். காம்யூன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1942ல எழுதுனாராம். ஒருத்தன் காலமெல்லாம் கல்லை மலைமேல உருட்டி ஏத்துறானாம். உச்சிக்குப் போனதும் அது உருண்டு கீழ ஓடியாந்துடுமாம். நல்ல கதைதான். எனக்கு ஒரே சந்தேகம்: அந்த மலை யார் பேர்ல பட்டா?

சிரிக்காத. இந்தக் கல்வராயன் மலையில சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர். வெள்ளைக்காரன் போயிட்டான், நாடு கொடியேத்துச்சு, கீழ கள்ளக்குறிச்சியில எலெக்‌ஷன் மேல எலெக்‌ஷன் நடந்துச்சு. இங்க எங்க சனம் ஜாகீர்தார் நெலத்துல கூலியில்லாம பாடுபட்டுக்கிட்டே கெடந்துச்சு. கேட்டா 'தலையெழுத்து'ம்பாங்க. பிரம்மா எழுதுனதாச்சே, அழியுமா? 1976ல கவர்மெண்டு ஜாகீர எடுத்துக்கிச்சு. பிரம்மா கையெழுத்து ஒரு ரப்பர் ஸ்டாம்புக்குத் தாங்கல பாத்தியா.

அதுக்காக விதியவே நான் தள்ளி வெச்சிட்டேன்னு நெனைக்காத. எனக்கும் அது வேணும். மரவள்ளி வெல எறங்குனா விதி. ஒங்க பாட்டி கொழம்புல உப்பு கூடுனா, அதுவும் விதிதான். வேற எதுனாச்சும் சொல்லிட்டு இந்த வூட்ல குடியிருக்க முடியுமா? ஆனா 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயத்தக் குடிச்சு 60 பேருக்கு மேல போயிட்டாங்களே, அப்பவும் டீக்கடையில ஒருத்தன் 'விதி'ன்னான். விதிக்கு மெத்தனால் எந்தக் கடையிலடா கெடைக்குது? அந்த எடத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல.

ஒங்க காம்யூவும் 1960ல சிநேகிதரோட கார்ல போயி, மரத்துல மோதிச் செத்தாராம். பையில, அவரு ஏறாத ரயிலுக்கு டிக்கெட் இருந்துச்சாம். நீ அத வெச்சுப் பக்கம் பக்கமா எழுதுவ. நான் மொதல்ல கார் எவ்ளோ வேகத்துல போச்சுன்னு கேப்பேன்.

சரி, அர்த்தம் தேடணும்னா தேடு, வேணாங்கல. தேடுறப்போ அப்பிடியே நம்ம மேட்டு நெலத்துப் பட்டா மனு எந்த ஆபீசுல தூங்குதுன்னும் தேடிட்டு வா. வன உரிமைச் சட்டம் 2006லயே வந்தாச்சு. காலேஜ் படிச்ச பேரன வூட்டுல படுக்க வெச்சுட்டு, திரும்ப மனு எழுத இன்னொருத்தனுக்கு நான் அம்பது ரூபா அழணுமா? எந்திரி, சட்டையப் போடு.