ராடுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மீஞ்சூரைத் தாண்டிக் காட்டூர் சாலையில் திரும்பும் காரின் பின் சீட்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். நீள நீளமாக நாலு உறை, பூட்டுப் போட்ட பெட்டி, மடக்கு நாற்காலி, ஓர் ஐஸ் பெட்டி. அந்த ஐஸ் பெட்டி மீனுக்காக வாங்கியது. இப்போதைக்கு அதில் மோர் இருக்கிறது.

பெயர் வேண்டாம், ராடுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பார். அங்கே யாராவது பத்து நிமிஷம் காக்கவைத்தால் எரிந்து விழுவார். அதே மனிதர் இங்கே ஒரு மடவை வருமா வராதா என்று ஆறு மணி நேரம் நிற்பார், முகம் சுளிக்காமல். ஆறு பை வைத்த கால்சட்டை, தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி, மூக்கு வரை இழுத்துவிட்ட கழுத்துத் துணி, காதை மூடும் தொப்பி. பழவேற்காடு ஏரியில் ஆயுசு பூராவும் மீன் பிடித்தவர் ஒருவர் மடித்துக் கட்டிய லுங்கியோடு பக்கத்தில் வந்து நின்றால், இருவரில் யார் மீனவர் என்று வெளிநாட்டுக்காரனிடம் கேட்டுப் பாருங்கள். நம்மாளைத்தான் காட்டுவான்.

பெட்டியைத் திறந்தால் அடுக்கடுக்காகப் பொய் மீன்கள். சிவப்புத் தலை, வெள்ளி வயிறு, உருட்டு விழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அதில் ஒன்று நிஜமாகவே நல்ல கதை. ஃபின்லாந்தில் லௌரி ராபாலா என்று ஒரு மீனவர் இருந்தார். பிள்ளைகுட்டிக்காரர், கையில் காசில்லாதவர். 1936இல் கார்க்குத் துண்டைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை அதன்மேல் ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மெருகு பூசி ஒரு பொய் மீன் செய்தார். ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் இரை கோத்து நேரம் வீணாகிறதே என்ற கவலையில் பிறந்த சாமான் அது. பொழுதை மிச்சம் பிடிக்க அவர் செய்ததை வாங்கித்தான் நம்மாள் பொழுதைப் போக்குகிறார். ராபாலா இதைக் கேட்டிருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார். கம்பெனி நன்றாகத்தான் ஓடுகிறது.

இந்த இனம் நேற்று முளைத்ததில்லை. 1653இல் லண்டனில் ஐசக் வால்டன் ‘தி கம்ப்ளீட் ஆங்கிளர்’ என்று தூண்டில்காரர்களுக்கு ஒரு வேதமே எழுதிவைத்தார். அந்த நாளில் இந்த ஏரிக்கரையில், 1613இல் கட்டிய ஜெல்திரியா கோட்டையில் உட்கார்ந்துகொண்டு டச்சுக்காரர்கள் துணி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் ஆட்சி வந்து நிலைத்ததும் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். நம் ஊர் மீன்களைத் தூண்டிலில் எப்படி வசப்படுத்துவது என்பதற்குத் தடித்த புத்தகம். வரிவசூலும் கச்சேரி விசாரணையும் போக அவருக்கு அவ்வளவு நேரம் எங்கிருந்து வந்தது என்பது என் நெடுநாள் சந்தேகம். ராடுக்காரரின் மேலதிகாரிக்கும் அதே சந்தேகம் இருக்கிறது.

செயற்கை இரையில் இரண்டு மணி நேரம் ஒன்றும் படாவிட்டால் நம்மாள் கொள்கையைத் தளர்த்துவார். இயற்கை இரைக்கு இறங்கிவருவார். கரையோரம் இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் அமர்ந்தபடி நகர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் எடுப்பார்கள். வலை கிடையாது, முள் கிடையாது, கண் கூட வேண்டாம். விரல்தான் எல்லாம். நம்மாள் அவர்களில் ஒருவரிடம் போய் நிற்பார்.

“அக்கா, ஒரு கால் கிலோ இறால் குடுங்க.”

“கொழம்புக்கா சார்?”

“இல்லக்கா, மீனுக்கு இரை போட.”

அந்த அம்மா பறியைப் பார்ப்பார், ராடைப் பார்ப்பார், அவர் முகத்தைப் பார்ப்பார். “இறாலப் போட்டுக் கெளுத்தியா எடுக்கப் போறீங்க?”

கணக்கு சரிதான். இறால் விலை என்ன, கெளுத்தி விலை என்ன? ஆனால் பொழுதுபோக்குக்குக் கணக்கு ஏது? இறாலை முள்ளில் கோத்து வீசினால் சொல்லிவைத்தாற்போல் கெளுத்தியே மாட்டும். அதன் செவுள் பக்கத்து முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும் என்பது ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதனால் அதைக் கழற்ற நம்மாளிடம் ஒரு ஸ்டீல் இடுக்கி இருக்கிறது, அந்த இடுக்கிக்கு ஓர் உறை, உறையைத் தொங்கவிட ஒரு பெல்ட். ஊர்ப் பையன் ஒருவன் வந்து செருப்புக் காலால் மீனை அமுக்கி, முள்ளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான்.

அவர் நிற்கும் இடத்தில்தான் வம்பு. ஏரி பார்க்கத்தான் திறந்த வெளி. பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், தலைக்கட்டுகளுக்குள் சீட்டுக் குலுக்கி முறை வைத்து வலை கட்டுவார்கள். இன்று உனக்கு நல்ல துறை, நாளை எனக்கு. முறை வராதவன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் கரையில்தான் இருக்க வேண்டும். நம்மாளோ ஆற்றிலிருந்து வரும் தண்ணீரும் முகத்துவாரத்திலிருந்து ஏறும் தண்ணீரும் கலக்கிற இடமாகப் பார்த்து, செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சரியாக அந்தத் துறையிலேயே நாற்காலியை விரிப்பார். ஆராய்ச்சியில் குறை சொல்ல முடியாது. குப்பத்துப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்ததை அவர் ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டார்.

“சார், அது பாடு சார். கொஞ்சம் தள்ளிக்கினீங்கன்னா…”

தள்ளிக்கொள்வார், மரியாதை தெரிந்தவர். ஆனால் அதற்குள் ஒரு வீச்சு வீசியிருப்பார். அது கழி நட்டுக் கட்டிய வலையில் போய் மாட்டியிருக்கும். ராடு வில்லாக வளையும், ரீல் கிறீச்சிடும், நம்மாள் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, “பெரிசுடா! கொடுவாடா!” என்று கத்துவார். வலைக்காரர் அவசரப்படாமல் தண்ணீரில் இறங்கிப் போய், பொய் மீனைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அன்றைக்குப் பட்டதிலேயே பெரியது அந்த வலைதான்.

தண்ணீர் ஏறும் இறங்கும் நேரத்தைச் சொல்ல அவர் போனில் ஓர் ஆப் இருக்கிறது. அது சொல்வது சென்னைத் துறைமுகத்து நேரம். கடல் ஏறி, முகத்துவாரம் வழியாக நுழைந்து, ஏரிக்குள் பரவி இங்கே வந்து சேர நேரம் பிடிக்கும் என்பது ஆப்புக்குத் தெரியாது. காற்றையும் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று சொல்லும். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் நிமிராமலே, “வாடை திரும்பிடிச்சு, கெளம்புங்க சார்” என்பார். நம்மாள் ஆப்பைத்தான் நம்புவார். அதற்குச் சந்தா கட்டியிருக்கிறார்.

கொஞ்ச தூரத்தில் இவருடைய பங்காளி ஒருவர் படுத்திருப்பார், பூநாரை படம் எடுப்பவர். அந்தக் காலத்தில் இந்தத் தண்ணீர்ப் பக்கம் துரைமார் வாத்து சுட வருவார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1980இல் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமானது. துப்பாக்கி போய் லென்ஸ் வந்தது, உடை மட்டும் மாறவில்லை. அடர்ந்த காட்டு இலை அச்சிட்ட பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு செடி கூட இல்லாத வெளுத்த சேற்றுத் திட்டில் மறைந்திருப்பார். ஒரு மைல் தள்ளியிருந்தே தெரிவார். பூநாரைக்கும் தெரிவார். ராடு வீசும் சத்தத்தில் பறவை பறக்கிறது என்பது இவர் புகார். இவர் தும்மியதில் மீன் ஓடியது என்பது அவர் புகார்.

ஒரு வழியாக மீன் ஒன்று படும். உள்ளங்கை நீளத்துக் கெளங்கான். இனிமேல்தான் கலையே. மீனின் வாலை விரல் தெரியாமல் பிடித்து, இரண்டு கையையும் முழு நீளத்துக்குக் கேமராவை நோக்கி நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, மூச்சை அடக்கிச் சிரிக்க வேண்டும். படத்தில் அது சுறாவுக்குத் தம்பி. எடுத்து முடித்ததும் மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவார். அதுதான் தர்மம், உலகம் பூரா தூண்டில்காரர்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், மீன் வளம் குறையக் கூடாது. நல்ல எண்ணந்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, “பாவம், கைதவறிப் பூட்ச்சு” என்று அனுதாபப்படுவாள். வேண்டுமென்றே விட்டேன் என்று அவர் விளக்கியதும் அந்த அனுதாபம் அதிகமாகும்.

வீட்டுக்குப் போகும்போது அவர் பழவேற்காடு சந்தையில் வண்டியை நிறுத்துவார். அது வரைக்கும் குற்றமில்லை. கொடுவாயை அங்கேயே வெட்டச் சொல்லி வாங்கிவிடுவதுதான் தவறு. வீட்டம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, “செதிலெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துதான் தூண்டில்ல மாட்டுச்சா?” என்று கேட்பார்.

குப்பத்துக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லாமலில்லை. வலை காயும்போது மரத்தடியில் கேரம் போர்டு ஏறிவிடும். போரிக் பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் ராணி குழிக்குள் போய்விடும். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடிக்கிறது. மீனவருக்கு ஓய்வு என்றால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்காருவது. ராடுக்காரருக்கு இது புரியவே புரியாது. இவ்வளவு பெரிய ஏரி வாசலில் கிடக்க, கட்டத்துக்குள் காயை உருட்டுகிறார்களே என்று வருத்தப்படுவார்.

அந்த வருத்தம் இப்போது தீர்ந்துகொண்டு வருகிறது. புது ராடு வாங்கும்போதெல்லாம் பழையதை அவர் இங்கே யாராவது ஒரு பையனிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். முள்ளைக் கழற்றிக் கொடுத்த அந்தப் பையனிடமும் ஒன்று போய்ச் சேர்ந்தது. அவன் இப்போது கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, செல்போனில் படம் பிடித்தபடி கரையில் நிற்கிறான். பிடித்த மீனைத் திரும்ப விடவும் கற்றுக்கொண்டான். மரத்தடியில் வலை முடைந்துகொண்டிருக்கும் அவன் அப்பாவிடம் விசாரித்தால், ஊசியைத் தரையில் குத்திவிட்டுப் பொரிந்து தள்ளுகிறார்.

“இங்க நாலு வல கிழிஞ்சி கெடக்குது, என் புள்ள இன்னா பண்றான் தெரியுமா சார்? வேல வெட்டி இல்லாம மீன் புடிக்கப் பூட்டான்!”