லினக்ஸ் ஓடாத கணினி வாங்குவது எப்படி?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் புதுக் கணினி வாங்கி லினக்ஸ் போடத் துடிக்கும் அன்பர்களே, வன்பொருள் விஷயத்தில் உங்கள் கைராசி ஊரறிந்தது. அதற்கு மெருகேற்றச் சில வழிகள்.

1. முதலில் வாங்குங்கள், பிறகு விசாரியுங்கள். காலையில் சென்னைக்கு ரயில், மதியம் ரிச்சி தெருக் கணினிக் கடைகள், மாலை ரயிலுக்கு ஓட்டம் என்று திட்டமிட்டால் யோசிக்க நேரமிருக்காது. சிலர் பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றிக்கொண்டு போய், கடை மேசையிலேயே பூட் செய்கிறார்கள். வை-ஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பணம் கொடுக்கும் முன்பே தெரிந்தால் அப்புறம் என்ன சுவாரசியம்?

2. நிறம், எடை, ராம், இலவசப் பை எல்லாம் கேளுங்கள். வை-ஃபை சில்லு யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். இன்டெல் என்றால் டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருந்து தொலைக்கும். கெர்னலில் இடம்பெறாத சில்லாக அமைந்தால்தான் யோகம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். எப்படியோ கிட்ஹப்பில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டதை எடுத்துக் கம்பைல் செய்துவிட்டாலும் கவலை வேண்டாம், அடுத்த கெர்னல் அப்டேட்டில் போய்விடும்.

3. இதற்குப் பரிகாரமாக வை-ஃபை டாங்கிள் வாங்குங்கள். பெட்டியை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் வெர்ஷனில் இருந்தது ஏதெரோஸ் சில்லு. டிரைவர் கெர்னலில் உண்டு. சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடத் திறந்தது. இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. பெயர் மாறவில்லை. வித்தியாசத்தைச் சொல்வது பொடி எழுத்தில் உள்ள வெர்ஷன் எண் ஒன்றுதான். “அன்னீ ஒகட்டே சார்” (எல்லாம் ஒன்றுதான்) என்பார் கடைக்காரர். நம்புங்கள், அவரும் அப்படித்தான் நம்புகிறார்.

4. பிரிண்டரை ஜெராக்ஸ் கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கேனான் எல்பிபி 2900 உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு கேப்ட் என்ற கேனானின் சொந்த பாஷைதான் புரியும். கேனான் தந்த லினக்ஸ் டிரைவருக்குப் பின்னணியில் ஒரு டீமன் வேறு ஓட வேண்டும். அது ஓடவில்லை என்பது விண்ணப்பத்தின் கடைசி நாளில் தெரியவரும். எச்பி லேசர்ஜெட் 1020 கிடைத்தால் இன்னும் நல்லது: அணைத்துப் போட்டால் தன் ஃபர்ம்வேரையே மறந்துவிடும், கணினிதான் மறுபடி அனுப்ப வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொது பாஷை தெரிந்த பிரிண்டரை யாராவது சிபாரிசு செய்தால், விலையைச் சொல்லி வாயை அடையுங்கள்.

5. கடைசியாக, வீட்டிலுள்ள நல்ல வன்பொருளை அப்புறப்படுத்துங்கள். 2015 ஆகஸ்டில் ஸ்ரீசிட்டியின் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகி வந்தது ஷியோமியின் ரெட்மி 2 பிரைம். ஸ்ரீசிட்டி அன்று சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் 410. ஆர்வலர்கள் வருடக்கணக்காக உழைத்து, ரெட்மி 2 வரிசையில் மெயின்லைன் கெர்னலையே ஏற்றிவிட்டார்கள், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸைப் போடலாம். நேற்று நீங்கள் தவணையில் வாங்கிய போனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். அலமாரியில் கிடக்கும் பழையதை, செல்போனுக்கு பிளாஸ்டிக் பக்கெட் தருபவர் தெருவுக்கு வரும்போது நீட்டுங்கள். மூடியையும் கேட்டு வாங்குங்கள்.