ஓரமாப் போகாதீங்க!

எங்கள் தெருவில் நான் சைக்கிள் வாத்தியார் ஆனதற்கு ஒரே காரணம் கொத்தமல்லிக் கட்டு. தினமும் காலையில் அசோக் நகரிலிருந்து மேற்கு மாம்பலம் வரை சைக்கிளில் போய்க் காய்கறி வாங்கி வருவேன். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் கொத்தமல்லி. இந்தக் காட்சியைப் பால்கனியில் நின்றபடி நாலைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாடி வீட்டு டீச்சர், ஒருநாள் படியிறங்கி வந்தார்.

"தம்பி, இந்த டிராஃபிக்ல தெனமும் போயிட்டு முழுசாத் திரும்பி வர்றீங்களே, எனக்கும் சொல்லித் தாங்க."

உயிரோடு திரும்பி வருவதையே கல்வித் தகுதியாக ஏற்றுக்கொள்ளும் துறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டீச்சருக்கு வயது 51. அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். அவருக்கு இருந்த குறை நியாயமானது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பின்னால் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. வருஷா வருஷம் பள்ளி மைதானத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது இவர் பொறுப்பு. "எத்தனை நூறு சைக்கிள் இந்தக் கையால குடுத்திருப்பேன். வாங்கின பிள்ளைங்க அன்னைக்கே சிட்டாப் பறந்து போயிடுங்க. நான் கேட்டைப் பூட்டிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக்கிட்டு நிப்பேன்."

அவருடைய அக்காவுக்கோ முப்பது வருஷமாகவே ஓட்டத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்குப் போகிறவர்களும் குவாரியில் கல் உடைக்கிறவர்களுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் பார்க்க ஏறி, ஊர் பார்க்க விழுந்து, ஊர் பார்க்க ஓட்டினார்கள். அவர்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட நடுக்கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! டீச்சர் அந்த நேரம் பார்த்துப் படிப்புக்காக மெட்ராஸ் வந்துவிட்டார். "எழுத்து எனக்கு, சைக்கிள் அவளுக்குன்னு ஆயிடுச்சு" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

நான் கற்றது மாயவரத்தில், வாடகை சைக்கிளில். மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தால் அதில் அரைமணி விழுவதற்கே போய்விடும். கால் எட்டாது; அதனால் முக்கோணச் சட்டத்துக்குள் காலை நுழைத்துக் குரங்கு பெடல். பிறகு மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். "பிடிச்சிருக்கேன்டா, பிடிச்சிருக்கேன்டா" என்ற குரல் தூரத்திலிருந்து கேட்பதாகத் தோன்றித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நம்மூரில் சைக்கிள் கற்ற எல்லோருடைய பயணமும் இப்படி ஒரு பொய்யில்தான் தொடங்கியிருக்கும்.

டீச்சரிடம் பொய் சொல்ல முடியாது, கணக்கு டீச்சர். பின்னால் ஓடவும் என் முழங்கால் சம்மதிக்காது. ஆகவே வேறு வழியைப் பிடித்தேன். பெடல் இரண்டையும் கழற்றி, காலை ஊன்றுகிற அளவுக்குச் சீட்டை இறக்கிவிட வேண்டும். தரையை உந்தி உந்தி நகர வேண்டும். பாலன்ஸ் வந்த பிறகு பெடல். சரித்திரமே இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது, காலால் உந்தித்தான் போனார். பெடல் வர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டீச்சருக்கு எட்டு நாள் போதுமாக இருந்தது.

பெடலைக் கழற்றத்தான் நேரம் பிடித்தது. வலது பெடல் சமர்த்தாக வந்துவிட்டது. இடது பெடலுக்கு ஸ்பேனரைப் போட்டு முக்குகிறேன், முனகுகிறேன், இறுக்கமாகிக்கொண்டே போகிறது. டீச்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்களேன்" என்றார். இடது பெடலுக்கு மறை தலைகீழ். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாக மிதிக்கிறேன், இது எனக்குத் தெரியாது. வாத்தியார் என்ற மரியாதையில் கால்வாசி அன்றைக்கே கழன்றது.

"இந்த வயசுல..." என்று அவர் இழுத்தபோதெல்லாம் அமெரிக்காவின் பிரான்சிஸ் வில்லார்டைக் கூப்பிட்டுக்கொண்டேன். பெண்கள் இயக்கத் தலைவர். 53 வயதில் சைக்கிள் கற்று, அந்த அனுபவத்தை 1895-ல் ஒரு புத்தகமாகவே எழுதியவர். தம் சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். இதைக் கேட்டதும் டீச்சரும் தம் சைக்கிளுக்கு ஒரு பெயர் வைத்தார். அவருடைய பழைய தலைமையாசிரியையின் பெயர். வராந்தாவில் நட்டநடுவே நடப்பாராம், எதிரே இன்ஸ்பெக்டரே வந்தாலும் ஒதுங்க மாட்டாராம். பெயரை இங்கே எழுதினால் டீச்சருடைய பென்ஷனுக்கு ஆபத்து.

உட்புறத் தெருக்களில் அந்தத் தலைமையாசிரியை நன்றாகவே ஓடினார். தொல்லை பெரிய தெருவில் கால் வைத்ததும் ஆரம்பித்தது. டீச்சர் ஓரமாகப் போனார். சாதாரண ஓரமில்லை, சாலைக்கும் சாக்கடைக்கும் எல்லைத் தகராறு நடக்கும் இடம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது "ஓரமாப் போ". என் அம்மா இப்போதும், நாற்பத்தெட்டு வயசுப் பிள்ளை கொத்தமல்லி வாங்கப் புறப்படும்போது, ஜன்னலிலிருந்து "ஓரமாப் போடா" என்றுதான் வழியனுப்புவாள். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அம்மா பார்த்ததில்லை. நான் பட்டியல் வைத்திருக்கிறேன். வீடு கட்டுகிறவர் கொட்டிய எம்-சாண்ட். சாலையை மூன்று முறை உயர்த்தியும் தான் மட்டும் பழைய மட்டத்திலேயே இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி. இளநீர்க் கூடு. படுத்திருக்கும் மாடு. எதிர்த்திசையில் சாவகாசமாக வரும் பைக். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திவைத்த காரின் கதவு. உள்ளே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று கதவைத் திறந்தால், அடுத்த நொடி நாம் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இதற்கு நெதர்லாந்துக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல் தூரத்துக் கையால் திறப்பது. நம்மூர் டிரைவர் சீட் வலப்பக்கம். ஆகவே இடது கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வருகிறவரைப் பார்க்கும். என் மைத்துனனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பிரமாதமாகத் திரும்பிப் பார்த்து, நான் வருவதை உறுதி செய்துகொண்டுதான் திறக்கிறான்.

ஆகவே டீச்சருக்கு நான் கொடுத்த முதல் பாடம்: நிற்கிற கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்க்கோட்டில் போகணும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே புகுந்து, கார் வந்ததும் வெளியே வந்து, மறுபடி புகுந்து என்று பாவாடைக்கு ஓரம் தைக்கிற மாதிரி போகக் கூடாது.

"பின்னாடி வர்றவங்களுக்கு இடைஞ்சலா இருக்காதா தம்பி?"

"நீங்க எங்க போறீங்கன்னு தெரியாததுதான் டீச்சர் அவங்களுக்கு இடைஞ்சல்."

"ஹாரன் அடிக்கிறாங்களே?"

இங்கேதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் உடைந்து போகிறார்கள். ஹாரன் என்றால் திட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். சென்னையில் ஹாரன் என்பது கூட்டத்தில் நாம் இருமுவது மாதிரி. "நான் இருக்கேன்" என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் பொருளில்லை. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னால் அடிப்பவர் சிக்னலையே திட்டுகிறார், நம்மையில்லை. பின்னால் வரும் ஹாரன் எல்லாம் தமக்குத்தான் என்று நினைப்பது ஒருவகை அகம்பாவம் என்று சொன்னேன். அந்த வார்த்தை வேலை செய்தது. டீச்சருக்கு அகம்பாவம் பிடிக்காது.

திரும்பிப் பார்ப்பதுதான் கடினமான பாடம். தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும். சைக்கிள் பக்கத்து வீட்டு கேட்டுக்குள் போய்விடும். ஞாயிறு விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் அவரை ஓட்டச் சொல்லி, நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும், சக்கரம் கோணக் கூடாது. நாலாவது வாரம் கோணவில்லை. "மூணு! ஆனா கட்டை விரலைப் பாதி மடிச்சிருக்கீங்க தம்பி, அதை எப்படி எடுத்துக்கிறது?" என்று கத்திக்கொண்டே நேராகப் போனார்.

அடுத்து மொழிப்பாடம். ஒவ்வொரு வண்டியும் தன் பாஷையில் பேசும். ஆட்டோ ஓட்டுநர் காலை வெளியே நீட்டினால் அதுதான் இண்டிகேட்டர். ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்பது அதன் ஓட்டுநருக்கே தெரியாது. நடைபாதையில் யார் கை நீட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டால் நமக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் பயப்படுகிற மாநகரப் பேருந்து இவற்றில் நாணயமானது. எங்கே போகிறது என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது, எங்கே நிற்கும் என்பதற்குத் தூணும் நட்டிருக்கிறது. அதன் இடப்பக்கம் மட்டும் நுழையக் கூடாது. தண்ணீர் லாரிக்கு எந்த பாஷையும் தெரியாது. வந்தால் வழிவிட்டுவிட வேண்டும். அசோக் பில்லர் மாதிரி பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்பத் தைரியம் இல்லையா, இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறவர்களோடு கடந்துவிடலாம். தேவைப்படும் நேரத்தில் பாதசாரியாகிவிடும் வசதி சைக்கிள்காரனுக்கு மட்டும்தான் உண்டு.

இதற்கு நடுவில் இன்னொரு மாணவரும் வந்து சேர்ந்தார். கீழ் வீட்டு ஐ.டி. தம்பி. இருபத்தொரு கியர், ஹெல்மெட், கையுறை, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் வாங்கி ஒரு வருஷமாகக் கார் நிறுத்தும் இடத்திலேயே வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபன்ஹேகனில் சைக்கிள் பாதை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று அரைமணி நேரம் பேசுவார். "அங்கிள், இங்க இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வரட்டும், அப்புறம் எடுக்கலாம்னு இருக்கேன்." டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது வரும்போது வரட்டும் கண்ணா. நீ முதல்ல பால் பாக்கெட் வாங்கிட்டு வா." மறுநாள் வாங்கி வந்தார். முதல் கியரிலேயே போய், முதல் கியரிலேயே வந்தார், ஆனால் வந்தார்.

கடைசிப் பரீட்சை துரைசாமி சுரங்கப்பாதை. மேற்கு மாம்பலத்துக்கும் தி.நகருக்கும் நடுவே ரயில் தண்டவாளத்தின் அடியில் போகிறது. மழைக்காலத்தில் நீச்சல் குளம். மற்ற நாளில் நம் நெஞ்சுரத்தை அளக்கும் கருவி. இறங்கும்போது எல்லோரும் வீரர்கள். ஏறும்போது பின்னால் பாதி மாம்பலமே காத்திருப்பது போல முதுகு கூசும். முதல் முறை டீச்சர் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டார். எனக்கும் மூச்சு வாங்கியது. அவருக்குத் துணையாக நிற்பதுபோல் நானும் நின்றுகொண்டேன். இருவரும் தள்ளிக்கொண்டு ஏறினோம். பாண்டிபஜாருக்குப் போய், 2019-ல் போட்ட அந்த அகல நடைபாதையில் உட்கார்ந்து காபி குடித்தபோது டீச்சர் சொன்னார்:

"என் அக்கா அப்பவே சொன்னா தம்பி. சைக்கிளு ரெண்டு நாள்ல வந்துடும்டி, நாலு பேரு பாக்கிறாங்களேங்கிற கூச்சம் போகத்தான் ரெண்டு மாசம் ஆகும்னு."

மூன்று மாதமாக நான் சொல்லிக்கொடுத்த எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. சம்பளம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அன்றைக்கு அவர் தனியாகவே போவதாக ஏற்பாடு. காட்டன் புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தார், கேரியரில் சாப்பாட்டுப் பை, அதற்கு மேல் வருகைப் பதிவேடு. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஐ.டி. தம்பி டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சர் ஏறி, தெருவின் நடுவே, நேர்க்கோட்டில், தலைமையாசிரியை மாதிரியே போனார். தெருமுனையை நெருங்கும்போது பின்னால் ஒரு ஆட்டோ வேகமாக வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பாத்து டீச்சர், ஓரமாப் போங்க!"

ஜன்னலிலிருந்து அம்மா, "இதைத்தானேடா நானும் சொல்றேன்" என்றாள்.

டீச்சர் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். சக்கரம் இம்மியும் கோணவில்லை. பிறகு வலது கையை நன்றாக நீட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

ஆட்டோ வேகத்தைக் குறைத்தது. அவர் வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டார்.