டே துரையின் பெயர்: ஒரு பழவேற்காட்டு ஆராய்ச்சி

1639இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கடலோரத்து மணல்திட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மதராசப்பட்டினத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட பிரான்சிஸ் டே பற்றி எழுதாத ஆளில்லை. அவருடைய கோட்டையை அளந்துவிட்டார்கள், கணக்கைக் குடைந்துவிட்டார்கள், காதலைக்கூட விடவில்லை. பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

'டே' என்றால் பகல் என்று நினைப்பவர்கள் முதலில் திருந்த வேண்டும். பெயராய்வாளர்கள் காட்டும் வழி வேறு. டேவிட்டைச் செல்லமாகச் சுருக்கினால் டே. இல்லாவிட்டால், பழைய ஆங்கிலத்தில் மாவு பிசைகிறவளுக்கு ஒரு சொல் இருந்தது. அது பிறகு பால், வெண்ணெய் வேலை பார்ப்பவளுக்கும் ஆகி, கடைசியில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. துரையின் பூட்டி தயிர்க்காரி என்கிறார்கள். இரண்டையும் மறுக்கிறேன்.

1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துவிட்டதால் ஆங்கிலேயர் பருப்பு அங்கே வேகவில்லை. ஏரிக்கு வடக்கே துர்க்கராஜபட்டினத்துக்கு ஒதுங்கி, 1626 வாக்கில் கிடங்கு போட்டார்கள். ஒத்தாசை செய்த ஆறுமுக முதலியாரின் பெயரையே அந்த இடத்துக்கு வைத்தார்கள்: ஆர்மகான். (அவர்கள் மென்ற மெல்லலில் ஆறில் எத்தனை முகம் தேறியது என்பது தனி ஆய்வுக்குரியது.) டே துரை சென்னைக்கு வருமுன் உத்தியோகம் பார்த்தது அங்கேதான். நம்மாள் பெயரை ஊருக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, நம்மூர் விளியைத் தமக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதா?

கள ஆய்வு: பழவேற்காடு படகுத்துறை, காலை ஏழு மணி. இறால் எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஏரியைப் பார்த்துக் கையைக் குவித்து, "டே...ய்!" என்றார். ஏகாரம் தண்ணீர்மேல் நன்றாக மிதக்கிறது. யகர மெய் பாதி வழியில் மூழ்கிவிடுகிறது. தூரத்துப் படகுக்குப் போய்ச் சேர்வது வெறும் 'டே'. நாலு படகில் நாலு பேர் திரும்பினார்கள். ஐந்தாவதாக நான். துரையும் ஒருநாள் திரும்பியிருக்கிறார்.

ஆர்மகானுக்குச் சில நூறு வருஷம் முன்பே இங்கிலாந்தில் டேக்கள் இருந்தார்களே என்பார்கள். நல்ல கோட்பாடு எதற்கும் காலவரிசை இடைஞ்சல்தான். துணைச்சான்று வேண்டுமா? ஆகஸ்டு 22 அன்று சென்னை முழுக்க 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறார்கள். யாருடைய டே?

துறையோரம் மடவைக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த பெரியவரிடம் என் முடிபை எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தாளு நைனா பேரு இன்னா சார்?"

"அவரும் டேதான். அங்கே அப்பன், பிள்ளை, பேரன் எல்லாருக்கும் அதே பெயர்தான் ஓடும்."

பெரியவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பெத்த அப்பனையுமா டேய்னு கூப்புடுவானுங்கோ?"