ஞாயிற்றுக்கிழமை கத்தாத கிளி

சூரிச்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போனில் பேசும்போது, "ஒரு கிளி வாங்க இத்தனை மாசமா? இங்கே ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்" என்றீர்கள். வரும்தான். பின்னாலேயே வனத்துறை ஜீப்பும் வரும். பச்சைக்கிளியைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்களே இப்போது பயந்து பயந்துதான் உட்காருகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தைரியமாகக் கையில் கிளி வைத்திருக்கக்கூடியவள் ஆண்டாள் ஒருத்திதான். அது தினமும் இலையில் புதிதாகக் கட்டுகிற கிளி. கத்தாது, கடிக்காது, பழத்தைக் கொறித்துப் பாதியில் எறியாது. உண்மையைச் சொன்னால், எங்கள் அடுக்குமாடிக்கு ஏற்ற கிளி அதுதான்.

இந்த ஊரின் சத்தக் கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மூச்சு விடலாம், அதற்கு மேல் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷினை எடுக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டால் 'டணார்' என்று கேட்குமே, அதையும் திங்கட்கிழமைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மீன், வெள்ளெலி, கேனரிக் குருவி மாதிரி வாயில்லாத, அல்லது இருந்தும் அடங்கிய வாயுள்ள ஜீவன்களுக்கு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. தொண்டை பெரிதாக உள்ள கிளி என்றால் அவர் சம்மதம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் நம் சின்னவன் மாடிப்படியில் ஓடுவதற்கே அவரிடம் இருந்த நல்லெண்ணம் முக்கால்வாசி செலவாகிவிட்டது.

ஆகவே தேர்வு தொடங்கியது. பெரியவளுக்கு பட்ஜி வேண்டும், நாம் காதல் பறவை என்று தப்பாகக் கூப்பிடுவோமே, அந்த ஆஸ்திரேலியச் சின்னக்கிளி. முப்பது நாற்பது கிராம்தான் எடை, விலை சொற்பம், குரலும் மெல்லியது. பேசுவதிலோ மகா கெட்டிக்காரக் குலம். கலிபோர்னியாவில் பக் என்று ஒரு பட்ஜி 1,728 வார்த்தைகள் கற்று கின்னஸில் ஏறியது. 1994இல் செத்துப்போயிற்று, பாவம். எங்கள் சின்னவனின் தமிழை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பட்ஜியிடம் உள்ள ஒரே சங்கடம், அது காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சத்தம் குறைவு, ஓய்வு இல்லை.

உங்கள் மருமகளுக்கு காக்கடீல் பிடித்துவிட்டது. தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, ஆண் பறவை அழகாகச் சீட்டியடிக்கும். மனிதரோடு ஒட்டிக்கொள்வதில் அதற்கு நிகர் கிடையாது. தோளில் உட்கார்ந்து தலையைக் குனிந்து, சொறிந்துவிடு என்று கேட்கும். ஆனால் அதன் இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சின்னவனுக்கு மூச்சிரைப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். போதாதற்கு நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் இருக்குமாம். பிள்ளைகள் படிக்கப் போனபின் நானும் அவளும் சீட்டி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவள் மட்டும் இன்னும், "அதனால் என்ன?" என்கிறாள்.

நிஜமான காதல் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்; கீச்சுக்குரல் காதைத் துளைக்கும், மூக்கோ இடுக்கி. சன் கன்யூர் என்று மஞ்சள் பட்டுப்புடவை மாதிரி ஒன்று இருக்கிறது. அது ஒரு தடவை கத்தியதும் நாங்கள் அந்த அறையை விட்டே வெளியே வந்துவிட்டோம். பர்க் கிளி என்று இன்னொன்று, இளஞ்சிவப்பு வயிறு, சாது. விடியலிலும் அந்தியிலும் மட்டும் துறுதுறுவென்று இருக்கும், மற்ற நேரம் மௌனவிரதம். சத்தமே இல்லை. ஆனால் தொட்டால் பிடிக்காது, தூக்கினால் பிடிக்காது. அப்படி ஒரு ஆளுக்கு என் அலுவலகத்திலேயே பஞ்சமில்லை, வீட்டுக்கும் எதற்கு?

கடைசியில் நிலைத்தது கேத்தரினா கிளி. மெக்சிகோவின் தெற்கிலிருந்து பெரு வரைக்கும் மேகம் தங்குகிற மலைக்காடுகளில் இருப்பது. பதினாறு சென்டிமீட்டர் நீளம், ஐம்பது கிராம் சொச்சம். பச்சை உடம்பில் கறுப்பு வரி வரியாக, மையில் தோய்த்த சீப்பால் வாரிவிட்டது போல் இருக்கும். பறப்பதைவிடக் கிளை பிடித்துத் தவழ்வதுதான் இஷ்டம். மழைக்காட்டு ஜாதி என்பதால் தண்ணீரைக் கண்டால் விடாது. லெட்டூஸ் இலையை நனைத்துப் போட்டால் அதன்மேல் புரண்டு குளிக்கிறது. கம்மிய குரலில் நாலைந்து வார்த்தை சொல்லும் என்கிறார்கள். கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. எச்சம் மட்டும் கொஞ்சம் நீர்த்திருக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டுவீர்கள்.

சரி, ஒன்று கொடுங்கள் என்று வளர்ப்பவரிடம் கேட்டால் அவர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. இந்த நாட்டில் கிளியைத் தனியாக வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது, அத்தை! 2008ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்பு ஆணைப்படி கூட்டமாக வாழ்கிற பிராணிக்குத் தன் இனத்துத் துணை வேண்டும். பட்ஜியோ, வேறு கிளியோ, கினிப்பன்றியோ, குறைந்தது இரண்டு. சத்தத்துக்குப் பயந்து ஒரு கிளி தேடிப் போனவனிடம் இரண்டு கிளி வாங்கு என்கிற அரசாங்கம் எப்படி இருக்கும்? பேருந்தில் வரும்போதே பொரிந்து தள்ளினேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான் சங்கதி வேறு என்று தெரிந்தது. கிளி கத்துவதில் பாதி கூப்பாடு. காட்டில் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போன துணையை "எங்கே இருக்கிறாய்?" என்று கூப்பிடும், அது "இதோ" என்று பதில் தரும். பதில் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். வராவிட்டால் இன்னும் உரக்கக் கூப்பிடும். நீங்கள் மூன்றாவது ரிங்குக்குள் நான் போனை எடுக்காவிட்டால் மாமா போனிலிருந்தும், பிறகு பக்கத்து வீட்டு போனிலிருந்தும் அழைப்பீர்களே, அதே வழக்கம்தான். ஒற்றைக் கிளிக்கு வீட்டில் யார் பதில் சொல்வது? நாங்கள் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தால் கூப்பிட அவசியம் இல்லை. சத்தம் குறைய வேண்டுமானால் இரண்டு வாங்க வேண்டும் என்பதை என் மூளை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக் கூண்டில் "யாரு, யாரு" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததே ஒரு கிளி, அதை எவ்வளவு வாயாடி என்று மெச்சினோம்! ஜோடி இருந்தால் இரண்டும் தங்களுக்குள் பேசும், நம்மிடம் வார்த்தை பழகுவது குறையும். திருப்பாவை சொல்ல வைக்கும் உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

இரண்டில் எது ஆண், எது பெண் என்று பார்வைக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு இறகை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை பெரியவள் பெயர் வைக்க மறுத்துவிட்டாள். ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தாள் வந்தது. பெயர்ச் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

கிளிகள் வந்ததிலிருந்து அடுப்படியில் ராஜ்யம் மாறிவிட்டது. நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி பறவையின் நுரையீரலைச் சில நிமிஷத்தில் முடித்துவிடும். மனிதருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை. தாளிக்கும்போது கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, மைனஸ் நாலு டிகிரியில் நடுங்கிக்கொண்டே கடுகு வெடிக்க விடுகிறாள் உங்கள் மருமகள். அவகாடோ அவற்றுக்கு விஷம், சாக்லேட்டும் கூடாது. மிளகாய் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் தின்னும். பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. சின்னவன் இதைப் பார்த்துவிட்டு வீரமாக ஒரு கடி கடித்தான். அன்று எங்கள் மாடியில் கேட்ட சத்தத்துக்கும் கிளிகளுக்கும் சம்பந்தம் இல்லை என்று கீழ்வீட்டு அம்மாளிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு விஷயம். ஜெர்மனியில் கொலோன் நகரத்து மரங்களில் நம் ஊர்ப் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கூண்டிலிருந்து தப்பியவை 1960களின் கடைசியிலிருந்து பெருகி ரைன் நதிக்கரையெங்கும் குடும்பம் நடத்துகின்றன. எனக்கு முன்னாலேயே வந்து, குளிரையும் பழகி, விசா கேட்காமல் தங்கிவிட்டவை. நீங்கள் வந்தால் ரயிலில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அவை போடுகிற கூச்சலை அங்குள்ளவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மே மாதம் வரும்போது கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்று, பழகியதாக இருந்தால் உத்தமம், பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். நெய் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பரணில் கிடக்கும் பித்தளை உருண்டைக் கூண்டைத் தேய்த்து வைத்திருப்பதாக மாமா சொன்னார். அது அங்கேயே இருக்கட்டும். இந்த ஜோடிக்குச் சிறகு விரிக்க நீளமான கூண்டு வேண்டும், ஏற்கெனவே எங்கள் சோபா இருந்த இடத்தில் வந்துவிட்டது. நீங்கள் இருவரும் உட்கார இரண்டு நாற்காலி வாங்கியிருக்கிறேன்.

பிள்ளைகள் முத்தம் தரச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்