ஆயிரத்தெட்டும் ஒரு ஜோடியும்

கேள்வி: சேர்த்து வைத்திருக்கும் ஸ்னீக்கர்களை விளம்பரப் படம் போல மொபைலில் எடுக்க ஆசை. ‘காலில் போடுவதற்குப் போய் போட்டோவா?’ என்று வீட்டில் சிரிக்கிறார்களே?
- வாசகர், சமயபுரம்

பதில்: கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வேதாந்த தேசிகர் பெருமாளின் பாதுகையைப் பற்றி மட்டுமே 1,008 சுலோகம் பாடியிருக்கிறார். அதுவும் ஒரே இரவில் என்பார்கள். அந்தப் பாதுகா சஹஸ்ரத்தை வீட்டாரிடம் காட்டுங்கள், சிரிப்பு நிற்கும். (‘பெருமாளும் நைக்கியும் ஒன்றா?’ என்று திருப்பிக் கேட்டால் என் பெயரை இழுக்காதீர்கள்.)

இனி வேலை. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணியுங்கள். இல்லாவிட்டால் பட்டினி கிடந்த வயிறு போல ஒட்டிக் கிடக்கும். வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேஜைக்கு மடிப்பு விழாமல் வளைத்து இறக்கினால் பின்னணியில் கோடு தெரியாது. வெயில் நேரே விழாத ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஷூவின் உயரத்துக்கு நீங்கள்தான் குனிய வேண்டும். மிக அருகே போனால் அதன் மூக்கு வீங்கித் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

மாரியம்மன் கோயில் பக்கம் வைத்து எடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பக்தர்கள் வெறுங்காலில் நடந்து வருகிற ஊர். பூச்சொரிதல் கூட்டத்தில் கழற்றி வைத்தால் பின்னணி மிஞ்சும், ஷூ மிஞ்சாது.